தொப்புள்கொடி காயும் நாட்கள்

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு 9 நாள். மனைவிக்கு சிசேரியன் ஆனதால் டயப்பர் மாற்றுவது, துடைத்துவிடுவது எல்லாம் நான்தான். தொப்புள்கொடி கறுத்துச் சுருங்கி, ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடுகிறது. நேற்றிரவு டயப்பரின் விளிம்பில் பொட்டளவு ரத்தக் கறை. கொடியின் அடியில் மஞ்சளாகப் பிசுபிசுப்பு. கிட்டே குனிந்தால் லேசான வாடை. அம்மா எண்ணெய் தொட்டு வைக்கச் சொல்கிறார். அக்கா தன் பிள்ளைகளுக்கு ஸ்பிரிட் வைத்துத் துடைத்ததாகச் சொல்கிறாள். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு பவுடரைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கோ அதைத் தொடவே கை நடுங்குகிறது, குழந்தைக்கு வலிக்குமோ என்று. சரியாக வெட்டாவிட்டால் தொப்புள் துருத்திக்கொண்டு நிற்கும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதைத்தான் நான் முதலில் தேடினேன். கொடியின் நிறம், வாடை, ஆட்டம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுற்றியுள்ள வயிற்றுத் தோல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அதனால் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய், நல்ல வெளிச்சத்தில் டயப்பரைத் தாழ்த்திப் பாருங்கள். தொப்புளைச் சுற்றியுள்ள தோலும் கொஞ்சம் தள்ளியுள்ள தோலும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா? விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தால் சூட்டில் வித்தியாசம் இல்லாமல், வீக்கம் இல்லாமல், மெத்தென்று இருக்கிறதா? குழந்தை வழக்கம்போல் பால் குடிக்கிறாளா, பசித்தால் குரலெடுத்து அழுகிறாளா? எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றால் மேலே படிக்கலாம். ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

வலிக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வலிக்காது. தொப்புள்கொடியில் வலியை உணரும் நரம்பே கிடையாது. பிறந்தவுடன் கத்தரித்தபோதும் அவளுக்கு வலிக்கவில்லை. இப்போது நீங்கள் ஈரத் துணியால் தொடும்போது அவள் வீரிட்டால், துணி சில்லென்று இருக்கிறது என்று பொருள், அல்லது உங்கள் கை. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கு உணர்ச்சி உண்டு. அந்தத் தோலைத் தொட்டதும் ஒவ்வொரு தடவையும் அழுகிறாள் என்றால் அதற்குக் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கர்ப்பத்தில் இந்தக் கொடி ஏறத்தாழ 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருந்திருக்கும். உள்ளே மூன்று குழாய்கள். இரண்டு தமனிகள் குழந்தையின் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்கு எடுத்துப் போகும். ஒரு சிரை, பிராணவாயுவும் ஊட்டமும் ஏற்றிய ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும். மூன்றையும் வழவழவென்ற ஒரு கூழ் சுற்றிக்கொண்டு நசுங்காமல் காக்கும். குழந்தை பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் இந்தக் குழாய்கள் தாமாகவே இறுகத் தொடங்குகின்றன. குழந்தை நலமாக இருந்தால் ஒரு நிமிடமாவது பொறுத்து, அந்தக் கடைசி ரத்தமும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிளிப் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கிளிப் போட்டு வெட்டிய பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுக்கு ரத்த ஓட்டம் இல்லை. அது இறந்த சதை.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். இறந்த சதை அழகாக இருக்காது. முதல் நாள் வெளுத்து, பளபளப்பாக இருக்கும். அப்புறம் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம், பிறகு பழுப்பு, கடைசியில் கறுத்துக் குச்சி மாதிரி ஆகிவிடும். அழுகாமல் காய்கிறது என்றாலும், காய்ந்துகொண்டிருக்கும் எதற்கும் ஒரு வாடை இருக்கத்தான் செய்யும்.

அந்த மஞ்சள் பிசுபிசுப்பு? அதுதான் பெற்றோரை நள்ளிரவில் தொலைபேசியை எடுக்க வைப்பது. சீழ் மாதிரியே இருக்கும், பயப்படுவது இயல்பு. உயிருள்ள தோலும் இறந்த கொடியும் சேரும் எல்லையில் குழந்தையின் ரத்த வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. அவை சுரக்கும் நொதிகள் அந்த இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அறுக்கின்றன. உடல் தனக்கு வேண்டாததைத் தானே வெட்டி எடுக்கிறது. அந்த வேலையின் கசிவுதான் நீங்கள் பார்த்த ஈரம். கொடி விழப்போகும் இரண்டு மூன்று நாட்களில் இது கூடுதலாகத் தெரியும். ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடுகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான்.

இனி எண்ணெய், ஸ்பிரிட், பவுடர் விவகாரம்.

உங்கள் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவருடைய தவறில் எனக்கும் பங்கு உண்டு. நான் மருத்துவம் கற்ற காலத்தில் ஒவ்வொரு டயப்பர் மாற்றத்துக்கும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத்தான் சொல்லிக்கொடுத்தோம். நானே நூற்றுக்கணக்கான தாய்மார்களுக்குப் பஞ்சும் கையுமாகச் செய்து காட்டியிருக்கிறேன். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பிரிட் வைத்த குழந்தைகளுக்குக் கொடி விழச் சராசரியாக 10 நாளுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. எதுவும் வைக்காமல் காயவிட்ட குழந்தைகளுக்கு 8 நாளுக்குச் சற்று அதிகம். இரண்டு பக்கமும் யாருக்கும் தொப்புளில் தொற்று வரவில்லை. ஆக, நாங்கள் மெனக்கெட்டதற்குப் பலன் ஒன்றரை நாள் தாமதம். காரணத்தை யோசித்தால் ஆச்சரியமில்லை. கொடியின் மேல் குடியேறும் சாதாரணக் கிருமிகள்தான் வெள்ளையணுக்களை அங்கே வரவழைக்கின்றன. ஸ்பிரிட்டால் அந்தக் கிருமிகளைத் துடைத்துவிட்டால் வெள்ளையணுக்களின் வேலையும் மெதுவாகிறது. அக்காவைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அன்றைய மருத்துவர் சொன்னதை அவர் செய்தார்.

அம்மா சொல்லும் எண்ணெயை வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. கொடி காய வேண்டும். எண்ணெய் அதைக் காயவிடாது. ஊறிக் கொழகொழவென்று கிடக்கும் சதைதான் கெட்ட கிருமிகளுக்கு வசதி. கை காலுக்கு அவர் என்ன தடவ விரும்பினாலும் தடவட்டும், தொப்புளை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். "டாக்டர் சொன்னார்" என்று பழியை என் மேல் போடுங்கள், பழகிப்போனது.

பவுடரைத் திறக்கவே வேண்டாம். சாதாரண முகப் பவுடர் வகையாக இருந்தால், ஈரத்தில் கட்டிக்கொண்டு ஆறாத இடத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். கிருமிக்கொல்லிப் பவுடராக இருந்தால், தொற்று இல்லாத குழந்தைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. இரண்டிலும் இன்னொரு தொல்லை: மேலே பூசிய படலம் அடியிலுள்ள தோலை மறைத்துவிடும். பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிட்டால் எதைப் பார்ப்பது?

குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தைப் பற்றி யாராவது சொல்லக்கூடும். அது பொய்யான மருந்தல்ல. சாணம் போன்ற ஆபத்தான பொருட்களைக் கொடியில் பூசும் பழக்கம் பரவலாக உள்ள இடங்களில் மட்டும், முதல் ஒரு வாரம் தினமும் அதைத் தடவலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்ற எல்லோருக்கும் அதே நிறுவனம் சொல்வது: சுத்தமாக, உலர்வாக வைத்திருங்கள், எதையும் பூசாதீர்கள். அந்த மருந்தைக் கண் சொட்டு மருந்து என்று தவறாக நினைத்து ஊற்றியதால் குழந்தைகளின் கண்கள் கெட்டுப்போன சம்பவங்களும் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் அது வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

வெளிப்பொருள் பூசுவதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குப் பின்னால் ஒரு துயரமான வரலாறு இருக்கிறது. ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் அந்தக் கிருமியின் விதை, சுத்தமில்லாத பிளேடு வழியாகவோ பூசிய பொருள் வழியாகவோ கொடிக்குள் போனால், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை சில நாட்களில் வாய் திறக்க முடியாமல் விறைத்துப்போகும். 1988ஆம் ஆண்டு மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் ஊசியும், சுத்தமான பிரசவமும், சுத்தமான கத்தரியும்தான் அந்த எண்ணிக்கையை மிகவும் கீழே கொண்டுவந்தன. உங்கள் மனைவி கர்ப்ப காலத்தில் அந்த ஊசியைப் போட்டிருந்தால், அதனால் உண்டான எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாக மகளுக்கும் போயிருக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? சொன்னால் இவ்வளவுதானா என்பீர்கள்.

முதலில் உங்கள் கை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த கை. தொப்புளுக்கு வரும் தொற்றில் பெரும்பகுதி மனிதக் கையிலிருந்து வருவதுதான். பார்க்க வருகிறவர்கள் குழந்தையைத் தூக்குவதற்கு முன் கழுவச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்து டயப்பர். அதன் மேல் விளிம்பை முன்பக்கம் வெளிப்புறமாக மடித்து, தொப்புளுக்குக் கீழே நிற்கும்படி கட்டுங்கள். கொடிக்குக் காற்று படும், உராயாது, சிறுநீரில் நனையாது. நேற்றிரவு பார்த்த ரத்தப் பொட்டு டயப்பர் விளிம்பில் இருந்தது என்றால், அந்த விளிம்பு உராய்ந்துதான் வந்திருக்கும். (உங்களுக்குப் பெண் குழந்தை, ஆண் குழந்தையின் தகப்பன்மார் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஆணுறுப்பைக் கீழ்நோக்கி வைத்து டயப்பரை ஒட்டாவிட்டால், அடுத்த அரை மணியில் தொப்புளுக்குத்தான் அபிஷேகம்.)

கொடியில் மலமோ சிறுநீரோ பட்டுவிட்டால் வெறும் சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மலம் ஒட்டிக்கொண்டால் குழந்தைக்கான மிதமான சோப்பு துளி சேர்க்கலாம். பிறகு காய்ந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். கொடியை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து அடியிலும் ஒற்ற வேண்டும். பலரும் பயந்து மேலே மட்டும் துடைத்துவிட்டு அடியை ஈரமாக விட்டுவிடுகிறார்கள். வாடை அங்கிருந்துதான் வருகிறது. எதுவும் படவில்லை என்றால் அதைத் தொடவே வேண்டியதில்லை.

குளிப்பாட்டுவதைக் கொடி விழும்வரை தள்ளிப்போடலாம், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். கொடி ஒருவேளை நனைந்துவிட்டாலும் குடி முழுகிவிடாது. குளிப்பாட்டிய உடனே நன்றாக ஒற்றிக் காயவிடுங்கள். கட்டுப் போடுவது, வயிற்றைச் சுற்றித் துணி இறுக்குவது, மேலே பிளாஸ்டர் ஒட்டுவது எதுவும் வேண்டாம். கிளிப் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கொடி காய்ந்தபின் ஒன்றிரண்டு நாளில் பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். இருந்தால் கொடியோடு சேர்ந்து விழட்டும்.

இழுக்காதீர்கள். நூலளவில் தொங்கும்போது ஒரு சுண்டு சுண்டினால் வந்துவிடும் போலிருக்கும். அந்த நூலுக்குள் இன்னும் முழுதாக மூடாத ரத்தக் குழாய் இருக்கலாம். இழுத்தால் ரத்தம் வரும், ஆற வேண்டிய இடம் புதுப் புண்ணாகும்.

எப்போது விழும்? பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள். சிசேரியனில் பிறந்தவர்களுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், பிறந்ததும் ஆன்டிபயாடிக் போட வேண்டியிருந்தவர்களுக்கும் சற்றுத் தாமதமாகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆறாம் நாளே விழுந்துவிட்டதே என்று ஒப்பிட வேண்டாம். 3 வாரம் தாண்டியும் விழவில்லை என்றால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். மிக அரிதாக, வெள்ளையணுக்கள் தேவையான இடத்துக்குப் போய்ச் சேர முடியாத பிறவிக் குறை ஒன்று இப்படித்தான் முதன்முதலில் தலைகாட்டும்.

ரத்தத்தைப் பற்றி. விழும்போதும் விழுந்த பிறகும் டயப்பரில் சில துளிகள் படுவது சகஜம். சொட்டிக்கொண்டே இருந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால், அல்லது நின்று நின்று மறுபடி வந்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதல் கேள்வியே "பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா?" என்பதாகத்தான் இருக்கும். ரத்தம் உறைய அந்த வைட்டமின் தேவை. பிறக்கும் குழந்தையிடம் அது மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் வழக்கமாக 1 மில்லிகிராம் ஊசியாகப் போடுகிறோம். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், ரத்தம் வராவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நான் முதலில் கேட்ட தோலுக்கு வருகிறேன்.

தொப்புளில் உண்மையான தொற்று ஏற்பட்டால் அது கொடியோடு நிற்காது. சுற்றியுள்ள உயிருள்ள தோலில் தெரியும். தோல் சிவக்கும். கருத்த நிறக் குழந்தைகளுக்குச் சிவப்பாகத் தெரியாமல் ஊதா கலந்தோ பளபளவென்று இறுகியோ தெரியலாம், அதனால்தான் சூட்டையும் வீக்கத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டால் குழந்தை அழும். லேசான வாடை போய், அறைக்குள் வந்தாலே தெரியும் நாற்றமாகும். துடைக்கத் துடைக்கச் சீழ் வரும். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால், கிளம்புவதற்கு முன் அதன் விளிம்பைப் பேனாவால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவருக்கு அது பெரிய உதவி. ஆனால் குறித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? கொடிக்குள் இருந்த அந்தச் சிரை நேராகக் கல்லீரலை நோக்கிப் போகும் பாதை. வெளியே கொடி காய்ந்தாலும் உள்ளே அந்தப் பாதை சில நாட்கள் திறந்தே இருக்கும். மிகவும் உடல்நிலை மோசமான குழந்தைகளுக்கு நாங்களே அதன் வழியாகத்தான் மருந்து ஏற்றுகிறோம். மருந்து போகும் வழியில் கிருமியும் போகலாம். அதனால் தொப்புள் தொற்றை ஊசி மருந்தோடு மருத்துவமனையில் வைத்துத்தான் பார்ப்போம், களிம்பு எழுதிக்கொடுத்து அனுப்ப மாட்டோம்.

தோல் சாதாரணமாக இருந்தும் குழந்தை சோர்ந்து கிடந்தால், எழுப்பினாலும் பால் குடிக்காவிட்டால், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ போனால், அதுவும் அவசரம்தான். 35.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் அப்படியே. பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. உடம்பு குளிர்ந்தும் போகலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கொடி விழுந்தபின் உள்ளே ஈரமாக, சற்று ரணமாகத் தெரியும். ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். அப்படிக் காயாமல், தொப்புள் குழிக்குள் ரோஜா நிறத்தில் சின்ன மணி போல ஒரு சதை நின்று, டயப்பரில் நீர் படிந்துகொண்டே இருந்தால் அதற்கு கிராணுலோமா என்று பெயர். ஆறும் சதை கொஞ்சம் அளவு மீறி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மருத்துவர் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுச் சுருக்கிவிடுவார். அந்தச் சதையிலும் நரம்பு இல்லை, வலிக்காது. பக்கத்துத் தோலில் பட்டால்தான் சுடும், கறை விழும். எனவே வீட்டுக் கைவைத்தியம் வேண்டாம். தொட்டும் சுருங்காத சதையாக இருந்தாலோ, தொப்புளிலிருந்து சிறுநீர் போலவோ மலம் போலவோ ஏதாவது கசிந்தாலோ விஷயம் வேறு. கருவில் தொப்புளோடு சிறுநீர்ப் பையையும் குடலையும் இணைத்திருந்த பாதைகள் பிறப்பதற்குள் மூடிக்கொள்ள வேண்டும்; சிலருக்கு மூடாமல் விட்டுப்போகும். அதைக் குழந்தை அறுவை மருத்துவர் சரிசெய்வார்.

கடைசியாக, துருத்தும் தொப்புள். வெட்டியவர் மேல் பழி போடாதீர்கள். வெட்டுவது கொடியை, தொப்புள் உருவாவது தோலோடு அது பிரியும் இடத்தில். அங்கே வடு எப்படி இறுகுகிறது, அதன் அடியில் தசை எப்படிச் சேர்கிறது என்பதை வைத்துத்தான் வடிவம் அமைகிறது. நீளமாக வெட்டினாலும் குட்டையாக வெட்டினாலும் மிச்சம் எல்லாம் விழுந்துவிடத்தான் போகிறது.

சில குழந்தைகளுக்கு அழும்போது தொப்புள் பந்து போலப் புடைக்கும், அழுகை நின்றதும் உள்ளே போய்விடும். கொடி நுழைந்த இடத்தில் வயிற்றுத் தசை இன்னும் முழுதாகச் சேராமல் இருக்கிறது, அதன் வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறது. குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம். பார்க்கத்தான் பயமாக இருக்கும். பெரும்பாலானவை 4, 5 வயதுக்குள் தாமாக மூடிக்கொள்ளும். நாணயத்தை வைத்து அழுத்திப் பட்டை கட்டினால் வேகமாக மூடாது, தோல்தான் புண்ணாகும். புடைப்பு கல் மாதிரி இறுகி, அழுத்தினாலும் உள்ளே போகாமல், நிறம் மாறி, குழந்தை வாந்தி எடுத்தால் மட்டும் அது அவசர சிகிச்சை.

இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியது டயப்பர் விளிம்பை மடித்துவிடுவதும், கொடியின் அடியை ஒருமுறை ஒற்றிக் காயவிடுவதும்தான். அநேகமாக இன்னும் இரண்டு மூன்று நாளில், டயப்பரைத் திறக்கும்போது அது தனியாகக் கிடக்கும். விழுந்த தேதியை டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த தடவை குழந்தையைக் காட்டப் போகும்போது மருத்துவர் கேட்பார்.